வீட்டில் செய்த ஸ்நார்க்கல்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

என் டீசல் பிக்கப்புக்கு ஸ்நார்க்கலை, அதாவது எஞ்சின் கூரை உயரத்திலிருந்து காற்றை இழுக்க உதவும் குழாயை, நானே செய்து மாட்டிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. வண்டி ஓடைகளில் இறங்கியிருக்கிறது, புழுதிப் பாதையில் நாள் முழுக்க ஓடியிருக்கிறது, வெயிலிலேயே கிடந்திருக்கிறது. இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்தக் குழாய் வாங்கலாம் என்றுதான். குழாயை எப்படியும் சமாளித்துவிடலாம். பானட்டுக்குள் கண்ணில் படாமல் இருக்கும் இணைப்புகளில்தான் இந்த வேலையின் உயிரே இருக்கிறது.

காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. டீசல் எஞ்சின் காற்றைப் பதினைந்து, பதினாறு மடங்கு அழுத்துகிறது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் மிகக் கொஞ்சம். அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் நின்றாலே கனெக்டிங் ராடு (பிஸ்டனைத் தள்ளி இழுக்கும் தண்டு) வளைந்துவிடும், அதோடு எஞ்சின் போச்சு. எங்கோ ஒரு இணைப்பில் விரலளவு ஓட்டை இருந்தால், கூரை உயரத்துக்குக் குழாய் நிற்பதில் பிரயோஜனம் இல்லை. எஞ்சின் அந்த ஓட்டை வழியாகவே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

குழாயின் அளவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 2.5 லிட்டர் எஞ்சின் 4000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்குச் சுமார் 5000 லிட்டர் காற்றை இழுக்கும். டர்போ 1 பார் அழுத்தம் கூட்டினால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். 3 அங்குலக் குழாய்க்குப் பதில் 2.5 அங்குலம் போட்டால் காற்றுப் போகும் பரப்பில் 30 சதவீதம் குறைந்துவிடும். அதனால் வெளியே நிற்கும் பகுதிக்கு 3 அங்குல, கனமான பி.வி.சி. குழாயை எடுத்தேன். பானட்டுக்குள் பி.வி.சி.யே கிடையாது. 80 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால் அது இளக ஆரம்பிக்கும். உள்ளே முழுக்க சிலிக்கான் ஹோஸ், அகலப் பட்டையுள்ள போல்ட் கிளாம்ப்.

குழாய் உள்ளே நுழைய ஃபெண்டரில் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) ஹோல் சா வைத்துத் துளை போட மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும், மற்றபடி சின்ன வேலைதான். வெட்டிய விளிம்பில் துருவைத் தடுக்கும் ப்ரைமரை இரண்டு பூச்சு அடித்துவிட்டு ரப்பர் வளையம் போடுங்கள். குழாயின் மேல்பகுதியைப் பிடிக்க வைக்கும் ஏ-பில்லர் (முன்கண்ணாடியின் ஓரத் தூண்) விஷயம் வேறு. பல வண்டிகளில் அதற்குள் கர்டன் ஏர்பேக்கோ அதன் ஒயரோ ஓடுகிறது. உள் உறையைக் கழற்றிப் பார்க்காமல் அங்கே டிரில் வைக்கவே கூடாது. நான் பிடிமானத்தை ரூஃப் ரேக்கிலிருந்து எடுத்தேன்.

அப்புறம் சோதனை. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஸ்நார்க்கலின் வாயைத் தடித்த ரப்பர் ஷீட்டால் மூட வேண்டும். எல்லா இணைப்பும் இறுக்கமாக இருந்தால் சில நொடிகளில் எஞ்சின் உதறி நின்றுவிடும். என் வண்டி உதறியது, ஆனால் நிற்கவில்லை. பானட்டைத் திறந்து, வாயைப் பாதி மூடச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு இணைப்பருகிலும் ஊதுபத்தியைக் கொண்டுபோனேன். எங்கும் புகை நேராகத்தான் எழுந்தது. ஏர் ஃபில்டர் பாக்ஸின் அடியில் வந்ததும் சட்டென்று வளைந்து உள்ளே போனது. மழைநீர் வடிவதற்காகக் கம்பெனியே வைத்திருக்கும் சின்ன ரப்பர் வால்வு அது. சாதாரண ஓட்டத்துக்கு அவசியமானது, ஆற்றில் இறங்கினால் அதுவே ஓட்டை. அங்கே கழற்றி மாட்டும் அடைப்பான் போட்டபின் எஞ்சின் உடனே நின்றது. இந்தச் சோதனையை ஆற்றில் இறங்கும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் செய்கிறேன். கனமழையில் ஓட்டிவிட்டு வந்தால் அடைப்பானைத் திறந்து, சேர்ந்த தண்ணீரை வடித்துவிடுகிறேன்.

தண்ணீரில் எப்படி? நிம்மதியாக இருக்கிறது. ஆனால் ஸ்நார்க்கல் மாட்டியதால் வண்டி இறங்கக்கூடிய ஆழம் கூடிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஹைலக்ஸுக்கு 700 மி.மீ., ரேஞ்சருக்கு 800 மி.மீ. என்று கம்பெனி சொல்வதற்குக் காற்று வாய் மட்டும் காரணம் இல்லை. ஆல்டர்னேட்டர், ஒயரிங், ஃபேன் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். ஓடிச் சூடேறிய டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த இழுப்பில் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்து ஆயில் பால் நிறத்துக்கு மாறிவிடும். அதனால் டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் இரண்டின் பிரீதர் குழாய்களையும் (உள்ளே காற்று போய்வரும் சின்னக் குழாய்கள்) பானட்டின் உயரத்துக்கு நீட்டினேன். அதைச் செய்யாமல் ஸ்நார்க்கல் மட்டும் மாட்டினால் வேலை பாதியிலேயே நிற்கிறது என்றுதான் சொல்வேன்.

அன்றாடம் பார்க்கும் பலன் தூசியில்தான். முன்பெல்லாம் நீண்ட புழுதிப் பயணம் முடித்து ஃபில்டரைக் கழற்றினால் மடிப்பே தெரியாத அளவுக்கு மண் அடைத்திருக்கும். இப்போது அதே பாதையில் போய்வந்தாலும் மடிப்புகளுக்கு நடுவே காகிதத்தின் நிறம் தெரிகிறது. முன்னே போகும் வண்டி கிளப்பும் புழுதியில் பெரும்பகுதி கூரை உயரத்துக்குக் கீழேயே தங்கிவிடுகிறது. ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தாலும் கறை வருவதில்லை. எனக்கு இது ஒன்றே போதும்.

பவர் கூடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். 100 கி.மீ. வேகத்தில் எதிர்காற்று தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. மைலேஜிலும் எனக்கு மாற்றம் தெரியவில்லை. டர்போவின் விசில் சத்தம் மட்டும் ஜன்னலுக்கு அருகிலேயே கேட்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது, கூட வருபவர்கள் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள்.

தேய்மானம் என்று பார்த்தால், சிலிக்கான் ஹோஸ் இன்னும் புதிதாகவே இருக்கிறது. கிளாம்ப்கள் அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கின்றன, ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் இறுக்குகிறேன். ஃபெண்டர் ரப்பர் வளையம் இறுகிப்போனதால் மாற்றினேன். பி.வி.சி.யில் பெயின்ட் உரிந்த இடங்கள் வெயிலில் வெளுத்து, நகத்தால் கீறினால் சுண்ணாம்பு மாதிரி தூள் வருகிறது. காட்டுப் பாதையில் ஒரு கிளை ஓங்கி அடித்தால் அந்த இடம் விரிசல் விடலாம். அதனால் வெளிக்குழாயை மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றப் போகிறேன். உள்ளே இருக்கும் எதையும் தொடுவதாக இல்லை.