கொலு ரயிலும் தீபாவளி விளக்கும்: எதற்கு எந்த மின்சாரம்?

கொலுவின் கீழ்ப்படியில் பார்க் கட்டி அதைச் சுற்றி ரயில் ஓடவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். கொலு எடுத்த கையோடு தண்டவாளம் ஹாலுக்கு நகரும். தீபாவளி முடியும்வரை தரையில் ரயில், சன்னல் கம்பியில் சீரியல் விளக்கு. ரயில் அமெரிக்க லயனல், மச்சான் கொண்டுவந்தது. அதை ஓட்டுவது இசட்-டபிள்யூ என்ற கறுப்பு டிரான்ஸ்ஃபார்மர். 1948 முதல் 1966 வரை செய்யப்பட்ட மாடல். அது கேட்பது 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் (அதாவது மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி). சிங்கப்பூர்ச் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

"அண்ணே, முள் மாத்துற அடாப்டர் போட்டா போதும்தானே?" என்று ஒரு தம்பி கேட்டார். போதாது. முள்தான் மாறும், வோல்ட் மாறாது. 230 வோல்ட் ஏறினால் உள்ளே இருக்கும் இரும்பு தாங்காது. கரண்ட் தாறுமாறாக எகிறும், சுற்றுக் கம்பியின் வார்னிஷ் கருகிவிடும். பயணத்துக்கென்று விற்கும் கையடக்கக் கன்வெர்ட்டரும் உதவாது. அதில் பல ஹேர் டிரையர் போன்ற சூடேற்றும் சாமான்களுக்காகவே செய்தவை.

ஆக, வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியே ஆகவேண்டும். எலக்ட்ரானிக் கடைகள் இருக்கும் சிம் லிம் டவர் பக்கம் போனால் கேட்டுப் பார்க்கலாம். அதில் இரண்டு வகை உண்டு. ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் ஒரே சுற்றுதான், அதன் நடுவிலிருந்து ஒரு கிளை எடுத்திருப்பார்கள். கனமும் விலையும் குறைவு. ஐசொலேஷன் வகையில் உள்ளே வரும் சுற்றும் வெளியே போகும் சுற்றும் தொடாமல் தனித்தனியாக இருக்கும். தூக்கினால் கை வலிக்கும், விலையும் கூட. ஆனாலும் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அறுபது, எழுபது வயதான ரயில் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்குள் இன்சுலேஷன் எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியே தெரியாது. அது உள்ளே பழுதாகி, முன்னால் இருப்பது ஆட்டோ வகையாகவும் இருந்தால், பிள்ளைகள் கைவைக்கும் தண்டவாளத்துக்குச் சுவர் மின்சாரம் நேராக வந்துவிடலாம். ஐசொலேஷன் இருந்தால் நடுவில் இன்னொரு தடுப்பு நிற்கும். ஒன்றை மறக்கக்கூடாது: மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் ஆர்சிசிபி, ஐசொலேஷனுக்கு அப்பால் நடக்கும் கசிவைப் பார்க்காது. ஆகவே பழைய வயரை மாற்றும் வேலை எந்த வகை வாங்கினாலும் இருக்கிறது. எங்கள் பெட்டியின் ரப்பர் வயரை லேசாக வளைத்தபோதே கருவாட்டுத் தோல் மாதிரி உதிர்ந்தது, விரலெல்லாம் கறுப்பு. உள்ளே செம்பு பளிச்சென்று தெரிந்தது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாற்றிய பிறகுதான் பிளக்கில் செருகினேன்.

ஹெர்ட்ஸ் விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்த இரும்பு, அதே வோல்ட்டில் 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 20 விழுக்காடு அதிகக் காந்தத்தைச் சுமக்கும், கூடுதலாகச் சூடாகும். சரிக்கட்ட வோல்ட்டை அதே விகிதத்தில் இறக்க வேண்டும்: 115 கேட்பதற்குச் சுமார் 96. ஜப்பானியச் சாதனங்களுக்கான 100 வோல்ட் ஸ்டெப்-டவுன் இதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பொம்மைகளைச் சுற்றி வரும் ரயிலுக்கு அந்த வேகம் எதற்கு? பெட்டியின் மேல் 275 வாட் என்று போட்டிருப்பதால், ஸ்டெப்-டவுன் 500 விஏ-வாவது (வோல்ட்-ஆம்பியர்) இருக்கட்டும்.

அப்புறம் விளக்கு. அதை எங்கே செருகுவது என்பதற்கு மூன்று வழி சொல்கிறார்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் விளக்கையும் அதே ஸ்டெப்-டவுனில் மாட்டுவது முதல் வழி. பழைய குண்டு பல்பு செட்டில் நூறு பல்புக்குச் சுமார் 40 வாட்தான், தாங்கும். என் பயம் வேறு. விருந்தாளி வரும் அவசரத்தில் வீட்டில் யாராவது அந்தத் தட்டை முள்ளை அடாப்டர் வைத்துச் சுவரில் செருகிவிட்டால் மொத்தச் சரமும் போச்சு, தீயும் பிடிக்கலாம். வேண்டாம்.

ரயில் டிரான்ஸ்ஃபார்மரிலேயே மிச்சம் இருக்கும் முனைகளில் விளக்கைக் கட்டுவது இரண்டாவது. பார்க்கில் இருக்கும் பொம்மை வீட்டுக்குள் எரியும் 14, 18 வோல்ட் பல்புகளுக்கு இது சரி, அதற்காகத்தான் அந்த முனைகள். மெல்லிய எல்இடி சரத்துக்கு இது ஆபத்து. அந்த முனை பத்து ஆம்பியர்வரை தள்ளக்கூடியது. தலைமுடி மாதிரி இருக்கும் எல்இடி கம்பி எங்காவது ஒட்டிக்கொண்டால், பெட்டியின் பழைய பிரேக்கர் விழிப்பதற்குள் கம்பி பழுத்துவிடும். சிலர் விளக்குக்கென்று இரண்டாவது பழைய டிரான்ஸ்ஃபார்மர் வைப்பார்கள். இரண்டின் கம்பிகளும் தண்டவாளத்தில் எங்காவது சேர்ந்துவிட்டால், டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாகவும் வேலை செய்யும். ஒன்று ஓடிக்கொண்டிருக்க, மற்றதன் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிக் கையில் பிடித்திருப்பீர்கள். அந்த முள்ளில் சுவர் மின்சாரத்துக்கு நிகரான வோல்ட் இருக்கலாம்! இதைத் தெரியாமல் யாரும் இரண்டு பெட்டி வைக்கக்கூடாது.

மூன்றாவது, விளக்குக்குத் தனி சாக்கெட். நான் செய்வது இதுதான். அடாப்டரோடு வரும் குறைந்த வோல்ட் எல்இடி சரம், சிங்கப்பூரின் சேஃப்டி மார்க் முத்திரை ஒட்டியது. ஊரிலிருந்து வரும் சீரியல் செட்டுக்கு வோல்ட்டும் ஹெர்ட்ஸும் இங்கே பொருந்தும்தான். ஆனால் முழு 230 வோல்ட்டும் ஒல்லி வயரில் ஓடும். சன்னலில் இரும்புக் கம்பி, வெளியே மழை. எனக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டினால் ஓவர்லோட் ஆகுமா என்று கேட்பார்கள். 13 ஆம்பியர் சாக்கெட் ஏறக்குறைய 3,000 வாட் தாங்கும். ரயிலும் விளக்கும் சேர்ந்து அதில் பத்தில் ஒரு பங்குதான். எனக்கு உறுத்துவது பிளக்கின் ப்யூஸ். 13 ஆம்பியர் ப்யூஸ் மெல்லிய வயரைக் காப்பாற்றாது. 3 அல்லது 5 ஆம்பியர் போடுங்கள். 1985 ஜூலைக்கு முந்திய வீடென்றால் ஆர்சிசிபி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லா வீட்டிலும் அது இருக்கவேண்டும் என்ற விதி 2023 ஜூலையில் வந்தது, தந்த அவகாசமும் 2025 ஜூலையோடு முடிந்தது.

உங்கள் ரயில் பிரிட்டிஷ் ஹார்ன்பி என்றால் பாடு குறைவு. 12 வோல்ட் டிசிக்கு 230 வோல்ட்டில் ஓடும் புதிய கன்ட்ரோலர் வாங்கிவிட்டு, பழையதை அலமாரியில் வையுங்கள். ஜெர்மன் மார்க்லின் ரயிலின் 220 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் இங்கே ஓடும். ஆனால் திசை மாற்ற அது கொடுக்கும் 24 வோல்ட் துடிப்பு நம் 230-இல் இன்னும் ஏறி, புதிய டிஜிட்டல் இஞ்சினைக் கெடுத்துவிடும். பழைய இஞ்சினோடு மட்டும் வையுங்கள்.

எங்கள் லயனல் மாலையில் இருபது நிமிடம் ஓடும். நிறுத்தியதும் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணுவேன். எண்ணி முடிப்பதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் அன்றைக்கு ரயிலுக்கு ஓய்வு, பிளக்கையும் உருவிவிடுவேன். சன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.