வெயிலில் தடித்த தோலும் பரம்பரையில் தடித்த தோலும்

பாம்பன், மண்டபம் கரையில் பல்லாண்டு கடலுக்குப் போனவரின் பிடரியில் கட்டம் கட்டமாக விழுந்திருக்கும் ஆழமான கோடுகள் வெயில் செய்த வேலை. அவை விரல்களையோ மூட்டுகளையோ தொடுவதில்லை. பாக்கிடெர்மோபெரியோஸ்டோசிஸ் என்னும் அரிய பரம்பரை எலும்பு நோயிலோ, பெரும்பாலும் விடலைப் பருவத்து ஆண்பிள்ளைகளுக்கு நெற்றித் தோல் தடித்து மடிகிறது, முகத்தில் எண்ணெய் வழிகிறது, உள்ளங்கை ஓயாமல் வியர்க்கிறது, சிலருக்கு உச்சந்தலைத் தோல் வரப்பு வரப்பாகப் புடைக்கிறது. புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற வேதிப்பொருளைச் சிதைக்க உதவும் மரபணுக்கள் பழுதாகி, அது உடலில் தேங்குவதே காரணம். என் பார்வையில், முகத்தைவிட விரல் நுனியே நம்பகமான சாட்சி: நுனி உருண்டு நகம் வளைந்திருந்தால், முதலில் நுரையீரல், இதய நோய்கள் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பிறகு முன்கை, கணைக்கால் எக்ஸ்ரேயில் எலும்பின் மேல் புதிதாகப் படிந்த எலும்பைத் தேட வேண்டும். பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்கள் என்றால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.