கொமடோர் 64: எழுதக் கஷ்டம், வரைய ஜாலி

கொமடோர் 64 என்றாலே எல்லாரும் அதன் சவுண்டு சிப்பைத்தான் புகழ்வார்கள். நான் அதன் எழுத்துகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் 1982-இல் வந்த இந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆளைப் படாதபாடு படுத்துவதும் அதுதான், விடாமல் பிடித்துவைப்பதும் அதுதான்.

எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அதன் முறைக்குப் பெட்ஸ்கி என்று பெயர். 1977-இல் வந்த கொமடோரின் பெட் கம்ப்யூட்டருக்காக, ஆஸ்கி என்ற பொதுவான எழுத்துக் குறியீட்டின் 1963-ஆம் வருஷத்துப் பழைய வடிவத்தை வைத்துச் செய்தது. அதனால் அடிக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் இடதுபக்க அம்புக்குறி நிற்கும். சரி, அது போகட்டும். சின்ன எழுத்து மோடில் ஒரு கடிதம் டைப் செய்து, ஃபைலை அப்படியே இன்றைய கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்: சின்ன எழுத்தெல்லாம் பெரிய எழுத்தாகிவிடும், பெரிய எழுத்துகளோ 193-இலிருந்து 218 வரையான எண்களில் போய் உட்கார்ந்திருப்பதால் வெறும் குப்பையாகத் தெரியும். பழைய மெஷினை இன்றைய கம்ப்யூட்டரில் அப்படியே ஓட்டிக்காட்டும் வைஸ் எமுலேட்டரோடு வரும் பெட்கேட் என்ற கருவி இதைச் சரிசெய்துவிடும், ஆனால் இதற்கெல்லாம் ஒரு கருவி தேவைப்படுவதே கொடுமை.

இன்னொரு கூத்து, பிரிண்ட் கட்டளைக்கு ஏ என்பது 65, திரை நினைவகத்துக்கோ அதே ஏ வெறும் 1. நினைவகத்தில் நேரடியாக எண்ணை எழுதும் போக் கட்டளையில், திரையின் முதல் இடத்துக்கு போக் 1024,65 என்று அடித்தால் இடது மேல் மூலையில் ஏ வராது, சீட்டுக்கட்டு ஸ்பேடு வரும்! இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும்.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் சிபாரிசு செய்கிறேன் என்றால், வரைவதற்கு இதை அடித்துக்கொள்ள அந்தக் காலத்தில் ஆளில்லை. கோடு, மூலை, வட்டம், கட்டம் எல்லாம் கீகளின் முன்பக்கத்திலேயே அச்சாகியிருக்கும், ஷிஃப்டோ கொமடோர் கீயோ சேர்த்து அழுத்தினால் போதும். மேற்கோள் குறியைத் திறந்துவிட்டுத் திரையை அழிக்கும் கீயை அழுத்தினால் அழியாது, எழுத்து நிறமும் பின்னணி நிறமும் இடம் மாறிய ஒரு ஹார்ட் வந்து நிற்கும். ப்ரோக்ராம் ஓடும்போதுதான் அது வேலை செய்யும். நிறம் மாற்றுவது, கர்சரை நகர்த்துவது எல்லாம் இப்படியே ஒரு வரிக்குள் அடங்கிவிடும். 205, 206 என்ற எண்ணுள்ள இரண்டு சாய்கோடுகளில் ஏதோ ஒன்றை ரேண்டமாக எடுத்து அச்சடித்துக்கொண்டே போகும் ஒரே ஒரு வரி ப்ரோக்ராம் திரை முழுக்கப் புதிர்ப்பாதை போட்டுத் தள்ளும். அது போதாதென்றால் எழுத்துக்கு 8 பைட் வீதம் நீங்களே புது எழுத்து வரைந்துகொள்ளலாம்.

கடிதம், கட்டுரை எழுதத்தான் பழைய மெஷின் வேண்டுமென்றால் அதே காலத்து பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் பக்கம் போங்கள். படம் போட்டு விளையாட இதுதான், முதலில் வைஸில் இலவசமாக முயன்று பாருங்கள்.