மனனப் பேச்சா, பட்டிமன்றமா, விவாதமா?

திருகோணமலையில் ஒரு பிள்ளை மேடையில் பேசப் பழக வேண்டுமென்றால் பெற்றோருக்கு முதலில் நினைவுக்கு வருவது பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிக்கான மனனப் பேச்சுதான். அடுத்தது பட்டிமன்றம். நேரக் கணக்கோடு நடக்கும் அணி விவாதம் கடைசியாகத்தான் வரும். பிள்ளையின் வயதைப் பார்த்து இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் எண்ணம்.

மனனப் பேச்சைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். லகர, ளகர, ழகரம் தெளிவாக விழுவதற்கும், மூச்சை எங்கே எடுப்பது என்று அறிவதற்கும், சபையைக் கண்டு நடுங்காமல் நிற்பதற்கும் அதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆண்டு 8 வரை அது போதும். அதற்கு மேல்தான் சிக்கல். பேச்சை எழுதுவது பெரும்பாலும் ஆசிரியர் அல்லது அப்பா, பிள்ளை ஒப்புவிக்கும். நடுவில் ஒரு வரி தவறினால் கண் மேலே போகும், விரல் சட்டை நுனியைத் திருகும், அடுத்த வரியும் வராது. கருத்து தன்னுடையதாக இருந்தால் வேறு சொல்லில் சொல்லிவிட்டுப் போகலாமே!

பட்டிமன்றம் சபையின் நாடி பிடிக்கக் கற்றுத் தரும். ஆனால் கைதட்டலே குறியாகிவிட்டால் எதிரணிக்குப் பதில் சொல்வதை விட்டுக் கிண்டலில் இறங்கிவிடுவார்கள். சாதாரண தர, உயர்தரப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது விவாதம்தான்.

அதிலும் இரண்டு முறைகள் உண்டு. பிரித்தானியப் பாராளுமன்ற முறையில் இருவர் கொண்ட 4 அணிகள். ஒருவருக்கு 7 நிமிடம். தலைப்பு கிடைத்து 15 நிமிடத்தில் மேடையேற வேண்டும். உலகப் பாடசாலைகள் முறையில் இரண்டு அணிகள், அணிக்கு மூவர் பேசுவார்கள். ஒருவருக்கு 8 நிமிடம், முடிவில் 4 நிமிடத் தொகுப்புரை. உடனடித் தலைப்பென்றாலும் ஒரு மணி நேரம் தருவார்கள். தொடக்கத்தில் இதுவே நல்லது. இரண்டிலும் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் போக, பேச்சின் நடுவே எதிரணி எழுந்து கேள்வி கேட்கலாம். மனனம் மட்டும் பழகியவர் தடுமாறுவது அங்கேதான்.

திருகோணமலைச் சீனன்குடாவில் உள்ள எண்ணெய்த் தாங்கிகளை இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து நடத்துவது நாட்டுக்கு நல்லதா என்று தலைப்பு வருகிறது என்று வையுங்கள். மனனப் பேச்சு இயற்கைத் துறைமுகத்தின் அழகில் தொடங்கும். விவாதத்துக்குக் கணக்கு வேண்டும். மொத்தம் 99 தாங்கிகள். 2022 ஒப்பந்தப்படி அவற்றில் 61 கூட்டு நிறுவனத்துக்கு. அதில் இலங்கை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், இந்தியன் ஒயில் நிறுவனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐஓசிக்கு 49 வீதம். ஆதரிப்பவர், "பெரும்பான்மைப் பங்கு நம்மிடம்தானே" என்பார். எதிர்ப்பவர், "பங்கு சரி, தாங்கிகளைத் திருத்தும் பணம் யாருடையது?" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தன் குறிப்பையே வாசித்துக்கொண்டு போகிற அணி தோற்கும். ஆகவே கொப்பியில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் எதிரணி சொன்னதையும் வலப்பக்கம் நம் பதிலையும் எழுதச் சொல்லுங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கும் வரியிலிருந்தே அடுத்த பேச்சாளர் தொடங்க வேண்டும்.

பயிற்சிக்கு ஆறு பேரும் நேரம் பார்க்க ஒருவரும் போதும். பக்கத்து ஊர்களான கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. மீன்பிடி, காணி என்று தலைப்பு வரும்போது நகரப் பிள்ளைகளுக்குத் தெரியாத பக்கம் வெளியே வரும். அப்புறம், அதே தலைப்பை அடுத்த வாரமும் வைத்து அணிகளைப் பக்கம் மாற்றிவிடுங்கள். போன வாரம் தான் வைத்த வாதத்தை இப்போது தானே உடைக்க வேண்டியிருக்கும்.