ஜன்னல் சீலன்ட்டின் மேல் பெயின்ட் நிற்குமா? சில மழைக்காலங்களின் அனுபவம்

சென்னையில் எங்கள் வீட்டு மாடி ஜன்னல்கள் கிழக்கு பார்த்தவை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடு வரும் மழை நேராக அவற்றில்தான் அறையும். யூபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் சட்டத்துக்கும் சுவர்ப் பூச்சுக்கும் நடுவே உள்ள இடுக்கை அடைக்க மூன்று வகை சீலன்ட்டுகள் வெவ்வேறு ஜன்னல்களில் இருக்கின்றன. பல பருவமழைகளைப் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்.

ஜன்னல் பொருத்தியவர்கள் போட்டுவிட்டுப் போனது சிலிகான். தண்ணீரைத் தடுப்பதில் அதைக் குறை சொல்லவே முடியாது. இத்தனை வெயிலுக்குப் பிறகும் அழுத்தினால் வளைந்து கொடுக்கிறது. ஆனால் அதன்மேல் பெயின்ட் பிடிக்காது. வெளிச்சுவருக்கு எமல்ஷன் அடித்தபோது, பிரஷ் கடந்த மறுகணமே பெயின்ட் விலகி, சிறு துளிகளாகத் திரண்டு நின்றது. இரண்டாவது கோட்டில் பெயின்டர் எப்படியோ மூடிவிட்டார். காய்ந்த பிறகு நகத்தால் நிமிண்டினால் வெங்காயத் தோல்போல் நீளமாக உரிந்து வந்தது. சாதாரண பிரைமர் அடித்தாலும் இதே கதைதான். வினிகர் நெடி வீசும் மலிவான சிலிகானை இங்கே வாங்கவே வேண்டாம். அதிலிருந்து வெளியேறும் அமிலம் சிமெண்டோடு ஒத்துப்போகாது, உலோகத்தையும் அரிக்கும். ‘நியூட்ரல்’ என்று டியூபில் போட்டிருக்க வேண்டும்.

அக்ரிலிக் விலை குறைவு, பெயின்ட் அழகாக ஏறும். ஆனால் அதிலுள்ள நீர் ஆவியாக ஆவியாகச் சுருங்கும். அகலமான இடுக்கில் நடுப்பகுதி குழிந்துவிட்டது; கோடை முடிவதற்குள் சட்டத்தின் ஓரமாகப் பிளவும் விட்டது. அறைக்கு உட்புறம் மட்டும் இன்றும் நன்றாக இருக்கிறது.

வெளிப்புறத்துக்கு என் தேர்வு எம்.எஸ். பாலிமர் என்ற ஹைப்ரிட் வகை; சிலிகான்போல் வளைந்து கொடுக்கும், பெயின்ட்டும் பிடிக்கும். விலை அதிகம்தான், கொடுக்கலாம். ஆழமான இடுக்கில் முதலில் பேக்கர் ராட் என்ற நுரைக் கயிற்றைத் திணித்து, அதன்மேல் போட வேண்டும். அப்போது சீலன்ட் இரு பக்கங்களை மட்டும் பற்றிக்கொண்டு தாராளமாக நீளும், சுருங்கும். நாளொன்றுக்கு சுமார் 2 முதல் 3 மி.மீ. ஆழம்தான் இறுகும் என்பதால் பெயின்டரை அவசரப்படுத்தாதீர்கள். நீரில் கரையும் எமல்ஷன்தான் இதற்குப் பொருத்தம். எண்ணெய் வகை பெயின்ட்டான எனாமல் அடித்தால் நெடுநாள் பிசுபிசுப்பு போகாமல் இருக்கக்கூடும்.

இதிலும் ஒரு விஷயம் உண்டு. வெயிலில் யூபிவிசி நன்றாகவே விரியும். சீலன்ட் அதோடு இழுபடும், பெயின்ட் படலத்தால் அவ்வளவு இழுபட முடியாது. எங்கள் ஜன்னலின் மேல் மூலையில் பெயின்ட்டில் மட்டும் முடியளவு விரிசல்கள் விழுந்திருக்கின்றன. ஒழுகவில்லை, ஆனால் கிட்டப்போனால் தெரிகிறது. பூச்சு மெல்லியதாகவோ, நீளும் தன்மையுள்ள எலாஸ்டோமெரிக் பெயின்ட்டாகவோ இருந்தால் இது குறையும்.

பழைய சிலிகானை எடுப்பது பெரிய வேலை. கட்டர் பிளேடால் சுரண்டிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒட்டியிருக்கும். பூச்சின் மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். ஊறாமல் துளியாக நின்ற இடமெல்லாம் சிலிகான் மிச்சம். அங்கே புதியது எதுவும் ஒட்டாது, உப்புத்தாளால் தேய்த்தே ஆக வேண்டும். அதனால் ஒழுகாத ஜன்னல்களில் சிலிகானை அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போது அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லப்போகிறேன்.