கரியா, பானை ஓடா? காலக்கணிப்பில் எதை நம்பலாம்

கீழடிக்கு கி.மு. 580, தூத்துக்குடி மாவட்டச் சிவகளைக்கு கி.மு. 3345 என்று செய்தி வந்தால் ஆண்டு மட்டும்தான் மனதில் நிற்கிறது. அந்த ஆண்டு எந்தப் பொருளிலிருந்து வந்தது என்பதும் அதே அளவு முக்கியம்.

கார்பன் முறைக்கு உயிர் இருந்த பொருள் வேண்டும்: கரி, நெல், எலும்பு. உயிர் போனதும் அதிலுள்ள கார்பன்-14 குறையத் தொடங்கி, 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. இன்றைய ஏ.எம்.எஸ். என்ற முடுக்கிக் கருவிகள் அணுக்களையே எண்ணுவதால் சில மில்லிகிராம் போதும். ஒளிர்வு முறை, அதாவது சேர்ந்த ஆற்றலை ஒளி பாய்ச்சி ஒளிர வைத்து அளக்கும் ஓ.எஸ்.எல்., வேறு வழியில் போகிறது. களிமண்ணிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் சுற்றிலும் உள்ள கதிரியக்கத்தின் ஆற்றலைச் சேர்த்து வைக்கும். சூளையில் வேகும்போது அதுவரை சேர்ந்தது காலியாகிவிடும். ஆகவே பானை சுட்ட நாளே கணக்கின் தொடக்கம். மண் அடுக்குக்கு, கடைசியாக வெயில் பட்ட நாள்.

துல்லியத்தில் கார்பன்தான் முந்துகிறது என்பார்கள். அளவீட்டுப் பிழை ஏறக்குறைய 30 ஆண்டுதான், ஓ.எஸ்.எல்.லில் 5 முதல் 10 சதவீதம். சரி, ஆனால் தமிழக அகழாய்வுகளுக்கு இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. காற்றில் கார்பன்-14 எப்போதும் ஒரே அளவில் இருந்ததில்லை என்பதால், மரவளையங்களை வைத்துத் திருத்தித்தான் நாட்காட்டி ஆண்டைப் பெறுகிறார்கள். அந்தத் திருத்தக் கோடு கி.மு. 800-க்கும் 400-க்கும் இடையே கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கிறது, அதாவது அந்த நானூறு ஆண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டுகிறது. அந்தக் காலத்து மாதிரி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விடை நூற்றாண்டுக் கணக்கில் விரிந்துவிடும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்குக் கிடைத்த கி.மு. 580 இந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது. 2,600 ஆண்டுப் பழைய ஓட்டில் ஓ.எஸ்.எல். பிழை 130 முதல் 260 ஆண்டு. ஆக, இந்தக் காலப்பகுதியில் கார்பனுக்குப் பெரிய மேன்மை இல்லை.

கரியில் இன்னொரு தொல்லை: வயதான மரத்தின் வைரத்தை, அதாவது உள்கட்டையை எரித்திருந்தால், நெருப்பு மூட்டிய நாளைவிட நூறு இருநூறு ஆண்டு பழையதாகக் காட்டும். நெல்லுக்கு அந்தக் குறை கிடையாது. ஒரே பருவத்தில் விளைந்தது. பழனி அருகே பொருந்தலில் ஜாடிக்குள் கிடைத்த நெல்லுக்கு வந்த கி.மு. 490 அதனால்தான் எனக்கு மதிப்புமிக்கது, திருத்தக் கோட்டின் சிக்கல் அதற்கும் உண்டு என்றாலும்.

சுமார் 50,000 ஆண்டுக்கு அப்பால் கார்பன் கைவிரித்துவிடும். சென்னை அருகே அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகள் கிடைத்த மண் அடுக்குக்கு 3,85,000 ஆண்டு என்று காட்டியது ஒளிர்வு முறைதான்.

சிவகளையில் நெல்லுக்கு கி.மு. 1155, பானை ஓட்டுக்கு கி.மு. 2459, கரிக்கு கி.மு. 3345 என வெவ்வேறு மாதிரிகள் வெவ்வேறு காலம் சொல்கின்றன. ஓடும் கரியும் இரண்டு தனித்தனி முறைகளில் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டுக்கும் அதற்கு முன்னும் போவது கனமான சான்று. ஆனால் ஒரே தாழியில் நெல்லும் ஓடும் சேர்ந்து அளக்கப்பட்டால்தான் எனக்கு முழு நிம்மதி.

நெல் இருந்தால் முதலில் அதை அனுப்ப வேண்டும். ஓடு மட்டும்தான் என்றால் வெயில் படாமல் எடுத்து, பக்கத்து மண்ணையும் ஒரு பையில் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்த மண்ணின் கதிரியக்கமும் ஈரமும் தெரியாமல் ஓ.எஸ்.எல். கணக்கே போட முடியாது.