பிறேக் வேலைக்கு வான் விடப்போறவை ஒருக்கா இதை வாசிச்சிட்டுப் போங்கோ - 64,500 ரூபா போச்சு

கோவத்திலை எழுதிறன், பிழையள் இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ. 64,500 ரூபா. ஹயர் ஓடிப் பிழைக்கிறவனுக்கு அது எத்தினை நாள் உழைப்பெண்டு சொல்லத் தேவையில்லை. கடைசியிலை பிறேக் வேலை குடுக்கேக்கை என்னென்ன பாக்கோணுமெண்டும் சொல்லுறன்.

என்ரை வான் பழைய டொல்பின், ஒட்டுசுட்டான் பக்கம் காலமை பள்ளிக்கூடப் பிள்ளையள், சனி ஞாயிறிலை கோயில் ஹயர். கொஞ்ச நாளா பிறேக்கை மிதிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டா பெடல் மெல்ல மெல்லக் கீழை இறங்கும், விட்டிட்டுத் திருப்பி மிதிச்சா பழையபடி மேலை நிக்கும். சில்லுப் பக்கம் ஒரு சொட்டு ஒழுக்கில்லை, பிறேக் ஒயில் மட்டமும் குறையேல்லை. வெளியிலை ஒழுகாமல் பெடல் இறங்குதெண்டா அனேகமா மாஸ்டர் சிலிண்டருக்குள்ளை (பெடலை மிதிக்க ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளுற சாமான்) இருக்கிற கப் றப்பர் தேஞ்சு, ஒயில் உள்ளுக்குள்ளையே பின்னாலை நழுவுது. லைனிலை காத்து நிண்டா பெடல் பொதுபொதெண்டு அமுங்கும், ரெண்டு மூண்டு தரம் பம்ப் பண்ண எழும்பும். மிதிக்கிறதை லேசாக்கிற பூஸ்டர் போனா மிதிக்கேலாமல் இறுகும். இதெல்லாம் வான் ஓட்டுற எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

ஏ9 ரோட்டுக் கரையிலை வவுனியாப் பக்கம் சாமானும் வித்து வேலையும் செய்யிற ஒரு கராச். பேர் போடேல்லை, போட்டா வழக்கெண்டு வருவாங்கள். முதலாளி தானே வந்து ஏறி இருந்து பெடலை மிதிச்சுப் பிடிச்சுப் பாத்திட்டு, "அண்ணை, மாஸ்டர் சிலிண்டர்தான்" எண்டார். சொன்னது முழுக்கச் சரி, அதுதான் எனக்கு இப்ப இன்னும் விசரைக் கிளப்புது. பிறகு சொன்னார், "உள் றப்பர் கிட் மட்டும் போட்டு உங்களை அனுப்பலாம், ஆனா பிள்ளையள் ஏறுற வான், என்ரை மனம் கேக்காது, புதுசாப் போடுவம்" எண்டு. பெட்டியை உடைச்சு ஜப்பான் சிலிண்டரை என்ரை கையிலை தந்து பிடிச்சுப் பாருங்கோ எண்டவர். பிள்ளையளைப் பற்றிக் கதைக்கிறவனை ஆர் சந்தேகப்படுவினம் சொல்லுங்கோ. ரீ எடுத்துத் தந்தார், வேலை முடிய நேரமாகும் போய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ எண்டார், திரும்பி வர எல்லாம் பூட்டி முடிஞ்சுது, சிலிண்டர் கறுப்புப் பெயின்ரிலை பளபளக்குது, பெடலும் நல்லா நிக்குது. 64,500 ரூபா காசா எண்ணிக் குடுத்தன். பில் கேக்க கொப்பித் தாளிலை "பிறேக் வேலை 64,500" எண்டு எழுதித் தந்தார், கடைப் பேருமில்லை சாமான் பேருமில்லை, "நாங்கள் இஞ்சதானே இருக்கிறம் அண்ணை" எண்டார்.

முதல் கொஞ்ச நாள் நல்லா ஓடிச்சு. பிறகு வான் இழுக்காது, டீசல் குடிக்குது, முன் சில்லிலை கை வைக்கேலாது, அவ்வளவு சூடு. ஒரு பின்னேரம் புளியங்குளத்தாலை திரும்பி நெடுங்கேணி தாண்டி வரேக்கை கருகின மணம், ரோட்டிலை மாட்டுப் பட்டி, மிதிக்கிறன் பெடல் அடிமட்டும் போகுது. ஹான்ட் பிறேக்காலை நிண்டது. வற்றாப்பளை அம்மாள்தான் காப்பாத்தினவ, வானுக்குள்ளை ஒரு பிள்ளையும் இல்லை.

முள்ளியவளையிலை எங்கடை பழைய மெக்கானிக் ஐயா ஒயில் ராங்கி மூடியைக் கழட்டினோடனை சிரிச்சார். மூடியிலை இருக்கிற றப்பர் ஊதிப்போய்த் திருப்பி இருக்கமாட்டனெண்டுது. சிரிஞ்சாலை கொஞ்சம் எடுத்து தண்ணிப் போத்திலுக்கை விட்டுக் குலுக்கினார். பிறேக் ஒயில் எண்டாத் தண்ணியோடை கலந்துபோகும், இது மேலை எண்ணெயா மிதந்துது. ஆரோ பவர் ஸ்டியரிங் ஒயில் மாதிரி மினரல் ஒயிலை ஊத்தியிருக்கிறான். அது பட்டா வானிலை இருக்கிற பிறேக் றப்பர் ஊதும், ஊதின கப் சிலிண்டருக்குள்ளை ஒயில் திரும்பிற சின்ன ஓட்டையை அடைச்சுக்கொள்ளும், காலை எடுத்தாலும் பிறேக் விடாது, சில்லு சூடேறும், அந்தச் சூட்டிலை ஒயில் கொதிச்சா பெடலே இல்லை. டொட் 3 எண்ட தரத்துப் பிறேக் ஒயில் புதுசிலை 205 பாகை மட்டும் தாங்கோணும், ஈரம் குடிச்சா 140க்கு வந்திடும். கேட்டுப் பாருங்கோ இன்னும் வருது. பெயின்ரைச் சுரண்டினா சிலிண்டர்க் காதிலை ஐயா முந்தி ஒருக்கா தன்ரை கையாலை அராவின அடையாளம்! என்ரை பழைய சிலிண்டர். கழுவி, மலிவுக் கிட் போட்டு, பெயின்ர் அடிச்சு, 64,500.

கோல் எடுத்தா "முதலாளி கொழும்பு போட்டார்". நேரை போனா "நாளைக்கு வாங்கோ". அடுத்த முறை "வெளி ஆள் திறந்திட்டார், இனி எங்கடை பொறுப்பில்லை". ஒயிலைக் கேட்டதுக்கு மேசையிலை இருந்த பெடியன் சொன்னதுதான் உச்சம், "அண்ணை, இது பிளேனுக்கே ஊத்திற ஒயில்".

கனடாவிலை சின்ன விமானங்கள் திருத்துற மச்சானிட்டைச் சொல்ல விழுந்து விழுந்து சிரிக்கிறான். உண்மைதானாம், பழைய செஸ்னா எண்ட சின்ன விமானத்துக்கெல்லாம் சிவப்பு மினரல் ஒயில்தானாம், ஆனா அதிலை போட்டிருக்கிற றப்பர் வேற சாதி. அங்கை ஆரும் தெரியாமல் கார் பிறேக் ஒயிலை ஊத்தினா அந்த றப்பர் பழுதாகிப் பெடல் போகுமாம். விமானத்திலை இடப்பக்கச் சில்லுக்கும் வலப்பக்கச் சில்லுக்கும் வேற வேற சிலிண்டர், ஒரு பக்கம் போனாலே ஓடுபாதையிலை நேரை பிடிக்கிறது கஷ்டமாம். பெடியா, என்ரை வானுக்குச் செட்டை இல்லை.

இப்ப மாஸ்டர், கலிப்பர், பின் வீல் சிலிண்டர், ஹோஸ், ஒரு றப்பர் மிச்சமில்லாமல் மாத்தி லைன் முழுக்கக் கழுவோணும். லீசிங் வேற நிக்குது.

சொல்லுறனெண்டது: பழைய சாமானை உங்கடை கையிலை தரச்சொல்லுங்கோ, அது இல்லாட்டிக் காசில்லை. பிறேக் ஒயில் போத்திலை உங்கடை கண்ணுக்கு முன்னாலை உடைக்கோணும், டொட் 3 எண்டு பாருங்கோ. சாமான் பேரோடை பில். வேலை நடக்கேக்கை சாப்பிடப் போகாதேங்கோ. நுகர்வோர் அதிகாரசபை நம்பர் 1977, நான் அடிக்கப்போறன். 64,500 ரூபாவை விடமாட்டன். விடியப் பிள்ளையளுக்கு வேற வான் பிடிக்கோணும், மிச்சம் பிறகு.